யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குக் கையைக் கடிக்காமல் போய்வர: முழுமையான வழிகாட்டி

லண்டனில் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு. அங்கிருந்து ஆட்கள் வருவார்கள், திருவிழா பார்ப்பார்கள், திரும்பிப் போவார்கள். இங்கிருந்து ஒருவர் "நானும் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறேன்" என்றால் மட்டும் வீட்டில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஒன்று, அதற்குப் பெரிய காசு வேண்டும் என்ற எண்ணம். இரண்டாவது, விசா கிடைக்காது என்ற முடிவு. இரண்டுமே பாதிதான் உண்மை.

செலவின் பெரும்பகுதி விசா, விமானம், படுக்கை என்ற மூன்றில் அடங்கிவிடுகிறது. இந்த மூன்றும் லண்டனில் அல்ல, ஊரில் இருக்கும்போதே தீர்மானமாகின்றன. அங்கே போய் இறங்கிய பிறகு பஸ்ஸிலும் சாப்பாட்டிலும் மிச்சம் பிடிப்பது சில்லறைக் கணக்கு. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்திலேயே செய்ய வேண்டிய வேலைகள். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், பத்துப் பன்னிரண்டு நாள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக இதை எழுதுகிறேன். கணக்குக்கு ஒரு பிரித்தானியப் பவுணை 400 இலங்கை ரூபாய் என்று எடுத்திருக்கிறேன். நீங்கள் போகும் நாளில் உள்ள விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஓகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் திரும்புகிறார்கள். அங்கே பள்ளிக்கூடம் தொடங்குவதும் அப்போதுதான். கொழும்பிலிருந்து லண்டன் போகும் விமானத்தில் அந்த நாட்களில் இடம் கிடைப்பதே கஷ்டம், விலையும் ஏறியிருக்கும். ஜனவரி முதல் வாரத்திலும் இதே கதை. அவர்கள் திரும்பும் கூட்டத்தோடு நீங்கள் போகாமல் இருந்தாலே ஒரு தொகை மிஞ்சும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரையும், செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரையும் நல்ல காலம். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஒரு நாளில் ஒன்றரை நாள் பார்க்கலாம். டிசம்பரில் பின்னேரம் நான்கு மணிக்கே பொழுது பட்டுவிடும். குளிர்காலத்தில் ரிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும், பகல் பாதியாகிவிடுவதால் முதல்முறை போகிறவருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

விசா: அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். முன்னர் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போக வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் யாழ். மாவட்டச் செயலகத்திலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டுவிட்டது.

நீங்கள் எடுக்க வேண்டியது சாதாரண வருகையாளர் விசா. ஆறு மாதம் வரை செல்லுபடியாகும். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 127 பவுண் ஆனது. அண்ணளவாக 51,000 ரூபாய். கட்டணம் அடிக்கடி கூடுவதால் விண்ணப்பிக்கும் நாளில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டு வருட விசாவும் உண்டு, ஆனால் விலை மூன்றரை மடங்குக்கு மேல். முதல்முறை போகிறவருக்கு அது தேவையில்லை.

பயண நாளுக்கு மூன்று மாதத்துக்கு முன்னர் விண்ணப்பிக்க முடியாது. அந்த மூன்று மாதம் திறந்தவுடன் விண்ணப்பித்துவிடுவதுதான் புத்தி. பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும். நேரத்தோடு தொடங்கினால் அவசரச் சேவைக்கு மேலதிகமாக 500 பவுண் கட்டும் நிலை வராது. அது விசாக் கட்டணத்தின் நான்கு மடங்கு.

விண்ணப்பம் முழுவதும் இணையத்தில்தான். ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். பணம் கட்ட, வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதி உள்ள கார்ட் தேவை. வங்கியில் சொல்லி அதை முதலே திறந்து வையுங்கள். பிறகு கைவிரல் அடையாளமும் படமும் கொடுக்கக் விசா விண்ணப்பங்களைப் பொறுப்பெடுக்கும் வீஎஃப்எஸ் நிறுவனத்தின் கொழும்பு நிலையத்துக்குப் போக வேண்டும். ஆவணங்களை வீட்டில் இருந்தபடியே ஸ்கான் பண்ணி நீங்களே இலவசமாக ஏற்றலாம். அங்கே போய் அவர்களைக் கொண்டு ஏற்றுவித்தால் அதற்குத் தனிக்கட்டணம். குறுஞ்செய்தி, விசேட அறை என்று சொல்லும் மேலதிகச் சேவைகள் எதுவும் முடிவை மாற்றாது. காலை நேரத்துக்குப் பதிவு செய்து, முதல்நாள் இரவு பஸ்ஸில் ஏறினால் ஹோட்டல் செலவும் இல்லை.

சரி, முடிவு எடுக்கும் அதிகாரி எதைப் பார்க்கிறார்? இந்த மனிதர் உண்மையிலேயே சுற்றிப் பார்க்கத்தான் வருகிறாரா, செலவுக்குக் காசு இருக்கிறதா, முடிந்ததும் திரும்பிப் போவாரா என்பதுதான் கேள்வி. அவர் உங்களை நேரில் காண்பதில்லை. கடதாசிதான் பேசுகிறது. ஆகவே கடதாசிகள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

வங்கிக் கூற்றில்தான் எங்கள் ஆட்களுக்குச் சிக்கல் வருகிறது. எங்கள் ஊரில் காசு புரளும் விதம் வேறு. சீட்டுக் காசு மொத்தமாகக் கையில் வரும். அண்ணாவோ பெறாமகனோ வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியலில் அனுப்புவார்கள். நகையை விற்ற காசு, காணிக் குத்தகை எல்லாம் கையோடு கைதான். மாதம் அறுபதாயிரம் ரூபாய் வந்து போகும் கணக்கில், விண்ணப்பிக்கும் கிழமையில் திடீரென்று பன்னிரண்டு இலட்சம் விழுந்தால், அது யாருடைய காசு என்ற கேள்வி அதிகாரிக்கு வரும். பதில் கடதாசியில் இல்லாவிட்டால் மறுப்புத்தான். அந்தப் பன்னிரண்டு இலட்சம் உங்கள் சொந்தக் காசாகவே இருந்தாலும் நிலைமை இதுதான்.

அதனால் ஆறு மாதத்துக்கு முன்னரே தொடங்குங்கள். வருமானத்தை அது வர வர வங்கியில் போடுங்கள். லண்டன் சொந்தக்காரர் செலவுக்குக் காசு தருவதாக இருந்தால் வங்கி வழியாக, தன்னுடைய பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு அனுப்பட்டும். உண்டியலுக்குத் தடயம் இல்லை. நகை விற்றால் பற்றுச்சீட்டை வையுங்கள். குத்தகை என்றால் ஒப்பந்தத்தை வையுங்கள். பெரிய தொகை ஏதாவது வந்திருந்தால் அதை மறைக்காமல், எங்கிருந்து வந்தது என்று கடிதத்தில் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கடிதம் ஒரு பக்கம் போதும். இந்த மாதிரி:

"சாவகச்சேரியில் மருந்துக்கடை நடத்துகிறேன். பதிவுச் சான்றிதழும் கடைசி வருட வரிக் கணக்கும் இணைத்துள்ளேன். ஜூன் 3 முதல் 13 வரை லண்டன் பார்க்க வருகிறேன். ஆறு இரவு ஹரோவில் என் அண்ணா வீட்டில், நான்கு இரவு விடுதியில். மொத்தச் செலவு ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபாய், என் சேமிப்பிலிருந்து. மார்ச் மாதம் என் கணக்கில் வந்த மூன்று இலட்சம், நகை விற்ற காசு, பற்றுச்சீட்டு இணைப்பில். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள். ஜூன் 15 கடை திறக்க வேண்டும்."

இதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு கடதாசி இருக்கிறது, கவனித்தீர்களா? அப்படித்தான் இருக்க வேண்டும். "பிரித்தானியாவைச் சிறுவயதிலிருந்து நேசிக்கிறேன்" என்பது போன்ற வசனங்களுக்குப் பின்னால் ஒன்றுமில்லை, விட்டுவிடலாம்.

அரச உத்தியோகத்தர் என்றால் லீவு அனுமதிக் கடிதம், சம்பளப் பட்டியல். தோட்டக்காரர் என்றால் காணி உறுதி, விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிக் கடிதம், விற்பனைச் சிட்டைகள். தமிழில் உள்ள ஒவ்வொன்றுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்து, மூலத்தோடு சேர்த்து ஏற்றுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவருடைய அழைப்புக் கடிதம், அங்கே சட்டப்படி வசிப்பதற்கான சான்று, வீட்டு முகவரிக்கு வந்த பில் ஒன்று. காசும் அவர்தான் தருகிறார் என்றால் அவருடைய வங்கிக் கூற்றும் வேண்டும்.

ஏஜன்ட்மார் விஷயத்தில் மனம்விட்டு ஒன்று சொல்ல வேண்டும். படிவம் நிரப்ப உதவி பெறுவதில் பிழையில்லை. ஆனால் "கணக்கில காசு காட்டித் தாறன், வேலைக் கடிதம் எடுத்துத் தாறன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் பத்து வருடம் வரை உங்கள் விண்ணப்பங்களை மறுக்க அவர்களின் விதியில் இடமுண்டு. அந்தப் பத்து வருடத்தை அனுபவிக்கப்போவது ஏஜன்ட் இல்லை. உள்ளபடி குறைந்த வருமானத்தைக் காட்டி, அதற்கேற்ற சின்னப் பயணத்தைக் கேட்பதே பலம். மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது, மேன்முறையீடும் இல்லை. ஆனால் காரணத்தை எழுதித் தருவார்கள். அந்தக் காரணத்தைச் சரிசெய்து மறுபடி விண்ணப்பிக்கலாம். முதல் மறுப்பைப் பற்றிப் படிவத்தில் கேட்பார்கள், மறைக்க வேண்டாம்.

விமானச்சீட்டு

விசா கையில் வரும்வரை திரும்பப்பெற முடியாத ரிக்கெட் எடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு உத்தேசத் திகதியும் திட்டமும் போதும்.

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் கொழும்பிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு நேரே பறக்கிறது. ஏறக்குறைய பதினொரு மணித்தியாலம். டோஹா, டுபாய், அபுதாபி வழியாக மாறிப் போவது பல நாட்களில் மலிவு. செவ்வாய், புதன் புறப்பாட்டின் விலையை வெள்ளி, சனியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விலை பார்க்கும்போது பொதி எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொதி இல்லாத மலிவு ரிக்கெட் கடைசியில் மலிவாக இருக்காது.

இரண்டு பொறிகள் உண்டு. ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாறும் ரிக்கெட் சிலவேளை நல்ல விலைக்குக் காட்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு ஷெங்கன் எனப்படும் பொது விசாவுள்ள ஐரோப்பிய நாடுகளின் விமான நிலையத்துக்குள் மாறிப் போவதற்கே தனி விசா தேவை. பிரித்தானிய விசா இருக்கிறது என்று அதைத் தவிர்க்க முடியாது. அந்தத் தனி விசா இல்லாவிட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே ஏற்றமாட்டார்கள். இரண்டாவது, யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் அங்கிருந்து லண்டன் பறப்பது. வீட்டுப் படலையிலிருந்து பலாலி பக்கம்தான், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் தனித்தனி ரிக்கெட்டாக எடுத்தால் சென்னையில் குடிவரவு தாண்டிப் பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு இந்திய விசா தேவை. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை. அந்த விசாச் செலவையும் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ்தான் சிக்கனம். புத்தளம், நீர்கொழும்பு வழியாகப் போகும் பஸ் என்றால் கொழும்புக்குப் போகாமல் விமான நிலையச் சந்தியிலேயே இறங்கிவிடலாம். பதியும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணக் காப்புறுதியும் இதே நேரத்தில் எடுத்துவிடுங்கள். விசாவுக்கு அது கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே அரச மருத்துவமனையில் அவசரப் பிரிவில் பார்ப்பதுதான் பொதுவாக வருகையாளருக்கு இலவசம். வார்டில் அனுமதித்தால் பில் வரும், அதுவும் சாதாரணச் செலவின் ஒன்றரை மடங்கு. சீனி, பிரஷர் உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லிக் காப்புறுதி எடுங்கள். மருந்தைக் கைப்பொதியில், மருத்துவரின் துண்டோடு வையுங்கள்.

படுக்கை: கணக்கை மாற்றுவது இதுதான்

ஒரு ஆளுக்குப் பத்து இரவுக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். விசா 51,000. விமானம் 2,75,000 என்று வைப்போம், உங்கள் திகதிக்கு வருவதை மாற்றுங்கள். கொழும்புப் பயணங்கள் 20,000. காப்புறுதி 15,000. ஆறு இரவு சொந்தக்காரர் வீடு, நான்கு இரவு விடுதியில் ஒரு கட்டில் 35 பவுண்படி 56,000. லண்டனுக்குள் போக்குவரத்து 80 பவுண், 32,000. சாப்பாடு நாளுக்கு 12 பவுண்படி பதினொரு நாளுக்கு 53,000. நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம் ஒன்று 24,000. சிம், சின்னச் சாமான்கள் 20,000. கைக்காவலுக்கு 100 பவுண், 40,000. கூட்டினால் 5,86,000.

இதில் படுக்கையை மட்டும் மாற்றிப் பாருங்கள். பத்து இரவும் 80 பவுண் ஹோட்டல் அறை என்றால் 3,20,000. மொத்தம் எட்டரை இலட்சம். வேறெந்த வரியிலும் இவ்வளவு பெரிய தாவல் இல்லை.

சொந்தக்காரர் வீட்டில் தங்குவது எங்களுக்குள்ள பெரிய வசதி. ஆனால் அவர்களின் நிலையையும் நினைக்க வேண்டும். அங்கே இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீடு சின்னது, ஒரே குளியலறை, பிள்ளைகளுக்குப் பரீட்சை. "வந்து நிக்கிறன்" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த நாள் வந்து எந்த நாள் போகிறேன் என்று முதலே சொல்லுங்கள். என்னை விமான நிலையத்தில் ஏற்ற வேண்டாம், நானே வருவேன் என்றும் சொல்லுங்கள். அங்கே ஒரு வேலைநாளில் லீவு போடுவது இலேசான விஷயமில்லை. ஒரு பின்னேரம் சமையலைப் பொறுப்பெடுத்தால் அவர்களுக்கும் ஆறுதல்.

ஆறு நாளுக்குப் பிறகு மத்திய லண்டனில் நாலு நாள் தங்குவதைக் கட்டாயம் யோசியுங்கள். ஹரோ, குரொய்டன் போன்ற புறநகர்ப் பகுதிகளிலிருந்து தினமும் போய்வருவதில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம் போய்விடும். வைஎச்ஏ போன்ற இளைஞர் விடுதிகளில் வயதெல்லை இல்லை, பெண்களுக்குத் தனி அறைகளும் உண்டு, சமையலறையும் இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பல்கலைக்கழக விடுதி அறைகளையும் வாடகைக்கு விடுகிறார்கள். லண்டன் பொருளியல் கல்லூரியின் (எல்எஸ்இ) விடுதிகள் நல்ல உதாரணம், தனி அறை, நகரத்தின் நடுவில். தம்பதியாகப் போகிறவர்கள் ட்ரவலாட்ஜ், பிரீமியர் இன் போன்ற மலிவு ஹோட்டல்களில் இரண்டு மாதத்துக்கு முன்னரே, ஞாயிறு முதல் வியாழன் வரையான இரவுகளுக்குப் பதிந்தால் இரண்டு கட்டிலின் விலையில் ஒரு அறை அகப்படும்.

காசும் பொதியும்

வீட்டில் பழைய பவுண் தாள்கள் இருக்கின்றனவா? மாமா ஒருவர் எப்போதோ கொடுத்தது, பிஸ்கட் ரின்னுக்குள் பத்திரமாக மடித்து வைத்தது. வெளியே எடுத்துத் தடவிப் பாருங்கள். கடதாசியாக இருந்தால் கடையில் செல்லாது. 20, 50 பவுண் கடதாசித் தாள்கள் 2022 செப்டம்பர் 30 உடன் நின்றுவிட்டன. 5, 10 அதற்கும் முன்னரே நின்றுவிட்டன. இப்போது எல்லாம் பிளாஸ்ரிக் தாள், ஒளிபுகும் ஜன்னல் போன்ற பகுதி இருக்கும். பழையதை வீணாக்க வேண்டாம். லண்டனில் திரெட்நீடில் வீதியில் உள்ள இங்கிலாந்து வங்கி அவற்றை எப்போதும் மாற்றித் தரும். கடவுச்சீட்டைக் கொண்டு போங்கள், வரிசை நீளமாக இருக்கும். வட்டமான பழைய ஒரு பவுண் குற்றிகளும் 2017இல் நின்றுவிட்டன.

அங்கே பல கடைகள் கார்ட் மட்டுமே எடுக்கின்றன. பஸ்ஸில் காசு எடுப்பதை 2014இலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே 150, 200 பவுண் தாளாகவும் மிச்சத்தைக் கார்டிலும் வைப்பது நல்லது. உங்கள் வங்கி வெளிநாட்டுப் பாவனைக்கு எத்தனை வீதம் கழிக்கும் என்று கேளுங்கள்.

பொதியில் எங்கள் அம்மாமார் வைக்கும் சாமான்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இறைச்சி, பால் சார்ந்த எதையும் இலங்கையிலிருந்து கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, ஆட்டிறைச்சிப் பொரியல் எல்லாம் அதற்குள் வரும். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, நெய் போடாத பயற்றம் பணியாரம், பருத்தித்துறை வடை தாராளமாகப் போகலாம். கருவாட்டுக்கும் அனுமதி உண்டு, மணம் வெளியே வராமல் கட்டுங்கள். பச்சைக் கீரை, மரக்கன்று, மண் ஒட்டிய கிழங்கு வேண்டாம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் லண்டனின் வெம்பிளிக் கடைகளிலும் கிடைக்கும்.

குளிர் ஜக்கற்றை இங்கே விலைகொடுத்து வாங்காதீர்கள். சொந்தக்காரரிடம் கடன் கேளுங்கள். அல்லது ஒக்ஸ்ஃபாம் போன்ற தொண்டு நிறுவனக் கடைகளில் பாவித்த நல்ல ஜக்கற் குறைந்த விலைக்கு எடுக்கலாம். மெல்லிய உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவதுதான் அங்கத்தைய முறை. நல்ல சப்பாத்து மட்டும் ஊரிலேயே வாங்கி, இரண்டு கிழமை போட்டு நடந்து பழக்கிக்கொண்டு போங்கள்.

ஹீத்ரோவில் இறங்கிய பிறகு

குடிவரவு அதிகாரி சில கேள்விகள் கேட்பார். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், என்ன தொழில். விண்ணப்பத்தில் எழுதியதையே சொல்லுங்கள். திரும்பும் ரிக்கெட், முகவரி, அழைப்புக் கடிதம் கைப்பொதியில் இருக்கட்டும். ஆங்கிலம் வராவிட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதில் வெட்கமில்லை.

நகரத்துக்குள் போக நான்கு வழிகள். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் பதினைந்து நிமிடத்தில் கொண்டுபோய்விடும், ஆனால் 25 பவுண் அளவில். எலிசபெத் லைன் ரயில் 2025 விலையில் 13.90. அதே வருடத்தில் பிக்கடிலி லைன் நிலத்தடி ரயில் 5.80தான், ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஹரோவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் நல்லது ஒன்று உண்டு. ஹீத்ரோ மத்திய பஸ் நிலையத்திலிருந்து எஸ்எல்9 என்ற விரைவு பஸ் ஹேய்ஸ், நோர்தோல்ற் வழியாக நேரே ஹரோ போகிறது. 2025இல் 1.75 பவுண். பொதியோடு ஏறலாம். ரக்சிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நாள் சாப்பிடலாம்.

பஸ்ஸில் ஏறும்போது மட்டும் மஞ்சள் வட்டத்தில் உங்கள் வங்கிக் கார்டைத் தொட வேண்டும். ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். இறங்கும்போது தொட மறந்தால் உச்சக் கட்டணம் கழியும். ஒரு ஆளுக்கு ஒரு கார்ட்தான், கணவனும் மனைவியும் ஒன்றைப் பாவிக்க முடியாது. உள்ளே தொட்ட அதே கார்டையே வெளியேயும் தொடுங்கள். உங்கள் வங்கி ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டுக் கட்டணம் எடுக்குமானால், முதலே காசு போட்டுப் பாவிக்கும் லண்டன் போக்குவரத்துக் கார்டான ஒய்ஸ்ரர் ஒன்று வாங்குங்கள். கார்டின் விலை திரும்பாது, உள்ளே போட்ட மிச்சக் காசு திரும்பும்.

பஸ் ஒரு தடவைக்கு 2025இல் 1.75. முதல் தொட்டதிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் மேலதிகமாக எடுக்காது. நாள் முழுவதும் பஸ்ஸிலேயே சுற்றினால் அதே வருடத்தில் உச்சவரம்பு 5.25. ரயிலில் மத்திய லண்டனை அடக்கும் முதல் இரண்டு கட்டண வலயத்துக்குள் நாள் உச்சவரம்பு 2025இல் 8.90. கட்டணங்கள் வழக்கமாக மார்ச்சில் திருத்தப்படும். பதினொரு வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்குப் பெரியவரோடு போனால் இலவசம். அவசரமில்லாத நாட்களில் பஸ்ஸின் மேல்தட்டில் முன் ஆசனத்தில் இருங்கள். நகரத்தை அதைவிட வடிவாகக் காட்டும் சுற்றுலா வண்டி கிடையாது.

சாப்பாடு

காலையில் விடுதிச் சமையலறையில் பாணும் முட்டையும். மத்தியானம் ரெஸ்கோ, செயின்ஸ்பரிஸ் போன்ற கடைகளில் சான்ட்விச், நொறுக்கு, பானம் மூன்றும் சேர்ந்த பொதி நான்கு பவுணுக்குக் கிட்ட. இரவுக்கு ஈஸ்ற் ஹாம், ரூற்றிங், வெம்பிளி, ஹரோ பக்கம் எங்கள் கடைகளில் கொத்து, இடியப்பம், தோசை. அல்டி, லிடில் என்ற பல்பொருள் கடைகள் இரண்டும் மலிவு. பைப் தண்ணீர் குடிக்கலாம், போத்தில் ஒன்றைக் கொண்டு திரியுங்கள்.

பார்க்க வேண்டியவை

காசு கொடுத்துப் பார்ப்பவை குறைவாக இருக்கலாம், ஏனென்றால் சிறந்தவை பல இலவசம். பிரித்தானிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக்கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், விக்ரோரியா அல்பேட் அருங்காட்சியகம், ரேற் மொடேர்ன் எல்லாவற்றுக்கும் நுழைவு இலவசம். கூட்ட நாட்களில் இணையத்தில் நேரம் பதிந்துவிட்டுப் போங்கள்.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 33ஆம் அறையைத் தேடிப் போங்கள். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பௌத்தர்கள் வணங்கும் தாரா தேவியின் பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை அங்கே நிற்கிறது. ஆளுயரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, மெல்லிய இடை, வலக்கை கீழே திறந்தபடி வரமளிக்கும் முத்திரையில். எங்கள் தீவின் கிழக்குக் கரையில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். இலங்கையில் ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் 1830இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அது ஏன் அங்கே நிற்கிறது, இங்கே இல்லை என்ற கேள்வியோடு அதன்முன் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அருங்காட்சியகம் முழுவதையும் ஓடி ஓடிப் பார்ப்பதைவிட அது பெரிது.

நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்கும் நாட்களில் பார்வையாளர் மாடத்தில் இருந்து கேட்கலாம், வெளிநாட்டவருக்கும் இலவசம். ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகளான உமா குமரன் 2024 ஜூலையில் ஸ்ரற்போர்ட் அன்ட் போ தொகுதியிலிருந்து இந்தச் சபைக்குத் தெரிவானார். வெஸ்ற்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்குள் சுற்றிப் பார்க்க நுழைவுக் கட்டணம் 30 பவுணுக்குக் கிட்ட. மாலை வழிபாட்டுக்குப் போகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. வழிபாடாகவே போங்கள், படம் எடுக்காதீர்கள். உயரத்திலிருந்து நகரைப் பார்க்க ஸ்கை கார்டன் இலவசம், முன்பதிவு வேண்டும். காசு கொடுத்து ஒன்றே ஒன்று பார்ப்பதானால் லண்டன் கோபுரத்தைச் சொல்வேன்.

கோயில்களுக்கும் ஒரு நாள் வையுங்கள். ஹைகேற் முருகன், ஈலிங் கனகதுர்க்கை அம்மன், விம்பிள்டன் பிள்ளையார். ஈலிங் கோயிலுக்கு எலிசபெத் லைனில் வெஸ்ற் ஈலிங் இறங்கினால் நடைதூரம். ஓகஸ்டில் அங்கே தேர்.

வெளியூர் ஒன்று பார்க்க ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் இரண்டில் ஒன்று போதும். ரயிலைவிட, விக்ரோரியாப் பக்கமிருந்து போகும் தூரப் பஸ்களுக்கு முன்பதிவு செய்வது மலிவு.

செய்யக்கூடாதது

வருகையாளர் விசாவில் வேலை செய்ய முடியாது. சம்பளம் வாங்காமல் மச்சானின் கடையில் கல்லாவில் நிற்பதும் வேலைதான். "சும்மா உதவிக்கு நிண்டனான்" என்பது சோதனைக்கு வரும் அதிகாரியிடம் எடுபடாது. கடைக்கும் தண்டம், உங்களுக்கும் எதிர்கால விசா போய்விடும். விசாத் திகதி தாண்டி நிற்பதும் அப்படியே. முப்பது நாளுக்கு மேல் தாண்டினால் சொந்தச் செலவில் திரும்பினாலும் ஒரு வருடத் தடை வரும். ஆறு மாதம் அனுமதி இருக்கிறதே என்று பத்து நாள் கேட்டவர் ஐந்து மாதம் நின்றாலும், அடுத்தமுறை ஏன் என்று கேட்பார்கள். சொன்ன திகதியில் திரும்புவதுதான் அடுத்த விண்ணப்பத்துக்கு நல்ல சாட்சி.

திரும்பும் நாளில் ஒய்ஸ்ரரில் மிச்சமிருக்கும் காசை நிலத்தடி ரயில் நிலையத்து இயந்திரத்தில் எடுத்துவிடுங்கள். பொதியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் கூடுதல் கிலோவுக்குக் கேட்கும் விலைக்கு அந்தச் சொக்லேற் பெறுமதியில்லை. இரண்டு விமானங்களின் ஏறும் அட்டைகளையும், விசாவின் பிரதியையும் காணி உறுதி வைக்கும் அதே கோவையில் வையுங்கள். அடுத்தமுறை படிவம் நிரப்பும்போது முந்தைய பயணத்தின் திகதிகளைக் கேட்பார்கள்.